உங்க ரிப்போர்ட்டை யாரெல்லாம் பார்க்கிறாங்க?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதில் அப்பர் தைக்கிற பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்தாறு. மூன்று வாரமாக விடாத இருமல், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ஒருநாள் லீவு போட்டு, பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். வீட்டில் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமாயிற்றே! நான்காம் நாள் மெஷினில் உட்கார்ந்தால், சூபர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

''என்னம்மா, சளி டெஸ்ட் குடுத்தியாமே... ரிசல்ட் வந்துடுச்சா?''

யார் சொன்னது? டாக்டர் சொல்லவில்லை. நர்ஸ் சொல்லவில்லை. லேப்காரரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பில் போடுகிற இடத்தில் இருக்கும் ஒருவர், சூபர்வைசரின் மச்சான், சும்மா இருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தார். திரை காட்டியது. அவ்வளவுதான்! பூட்டை யாரும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. தன் சொந்த பாஸ்வேர்டைப் போட்டு, தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தார்.

''கற்பனைதானே?'' என்பீர்கள். ஆமாம், கற்பனைதான். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் வசிப்பவர்களுக்கு இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று தெரியும். ஒரே தெருவில் தோல் ஆலை மேஸ்திரியும் இருப்பார், ஆஸ்பத்திரி ஊழியரும் இருப்பார், பெண் கேட்டு வருகிற வீட்டாரும் இருப்பார்கள். பெருநகரத்தில் கசிகிற ரகசியம் கூட்டத்தில் கரைந்துபோகும். இங்கே அது நேராக வாசற்படிக்கு வந்துவிடும்.

சரி, ஹெல்த் பத்திரிகையில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுக்கு என்று கேட்கிறீர்களா? ரிப்போர்ட் வெளியே போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால், மனுஷன் டெஸ்ட்டுக்கே போகமாட்டான். காசநோயை மறைப்பார்கள், மனநோயை மறைப்பார்கள், கர்ப்பத்தை மறைப்பார்கள். தோல் ஆலையில் குரோமியம் பட்டுக் கையில் வரும் ஆறாத புண்ணைக்கூட, ''எங்கே வேலை போயிடுமோ'' என்று துணி சுற்றி மறைப்பவர்கள் உண்டு. அப்புறம் எவ்வளவு நல்ல மருந்து இருந்து என்ன பிரயோஜனம்?

வேலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சரித்திரமே உண்டு. 1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா, தன் பேராசிரியர் டாக்டர் சுனீதி சாலமனின் யோசனைப்படி சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் பரிசோதனைக்கூடத்தில் பார்த்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். இன்றைக்குப் படித்தாலும் பதற்றம் தருகிற கதை அது. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர்கள் ஏழைப் பெண்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அன்று ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பீரோ, ஒரு சாவி என்று ரகசியம் அடங்கிவிட்டது. இன்று அதே மாதிரி ஒரு முடிவு வந்தால், அது எத்தனை திரைகளில் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த நாளில் கேஸ் ஷீட் என்பது ஓர் அட்டைக் கட்டு. ரெக்கார்டு ரூமில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ''யாருய்யா நீ, எதுக்கு இந்த ஃபைல்?'' என்று கேட்பார். கேட்காமல் விடுகிறவரும் உண்டு, ஐந்து பத்துக்கு மசிகிறவரும் உண்டு. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு ஃபைல் ஓர் இடத்தில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் அந்தக் காவலாளியின் வேலையை விதிகள் செய்கின்றன. டாக்டர் என்றால் இதைப் பார்க்கலாம், எழுதலாம். நர்ஸ் என்றால் பார்க்கலாம், மருந்து கொடுத்ததைக் குறிக்கலாம். பில் போடுபவர் என்றால் பெயரும் தொகையும் மட்டும். வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளிக்குத் தூக்கம் வரும். விதிக்குத் தூக்கம் வராது. ஆனால் விதியைத் தப்பாக எழுதிவிட்டால், இருபத்துநாலு மணி நேரமும் தப்பாகவே காவல் காக்கும்.

எப்படித் தப்பாகும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஆஸ்பத்திரி ஷூ கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, தொழிலாளர்களுக்கு வருஷாந்தர செக்-அப் செய்கிறது. கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு விதி சேர்க்கிறார்கள்: 'கம்பெனி மருத்துவ அதிகாரி தன் கம்பெனித் தொழிலாளியின் முடிவுகளைப் பார்க்கலாம்.' நல்ல எண்ணம்தான். வேலைக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று தெரிய வேண்டாமா? ஆனால் ஏற்கெனவே இன்னொரு விதி இருக்கிறது: 'எச்.ஐ.வி. முடிவைச் சிகிச்சை தரும் டாக்டர் மட்டும் பார்க்கலாம்.' இப்போது இரண்டும் மோதுகின்றன. எது ஜெயிக்கும்?

அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்கள். சில சாஃப்ட்வேரில், வரிசையில் முதலில் பொருந்துகிற விதிதான் செல்லும். புது விதியை யாரோ மேல் வரியில் சேர்த்துவிட்டால் போச்சு! எச்.ஐ.வி. முடிவு கம்பெனிக்குப் போய்விடும். வேறு சிலவற்றில் 'பத்துப் பேர் சரி என்றாலும் ஒருத்தர் கூடாது என்றால் கூடாதுதான்' என்கிற ஏற்பாடு. மருத்துவ ரெக்கார்டுக்கு இந்த இரண்டாவதுதான் ஏற்றது என்பது என் கட்சி. முதல் ஏற்பாட்டில், ஒரு வரியை மேலே கீழே நகர்த்தியதற்கு ஒரு பெண்ணின் வேலை போகலாம்.

எல்லாத்தையும் சோதிக்க முடியுமா?

''அப்போ எல்லா விதியையும் டெஸ்ட் பண்ணிட வேண்டியதுதானே!'' சொல்வது சுலபம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஓர் ஆஸ்பத்திரியில் 25 வகை ஊழியர்கள். 40 வகைத் தகவல்கள்: ரத்தம், எக்ஸ்ரே, மனநலக் குறிப்பு, மருந்துச் சீட்டு, பில் இப்படி. ஒவ்வொன்றிலும் பார்ப்பது, எழுதுவது, திருத்துவது, பிரின்ட் எடுப்பது என்று 4 செயல்கள். பெருக்கினால் 4,000. தன் நோயாளியா, அடுத்தவர் நோயாளியா. டியூட்டி நேரமா, இல்லையா என்றும் பார்த்தால் 16,000 கேள்விகள். கேள்விக்கு ஒரு நிமிஷம் என்றாலும் ஒருத்தர் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 33 நாள். அதற்குள் விதிகள் இரண்டு தடவை மாறியிருக்கும்!

கம்ப்யூட்டரே கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். கேட்கலாம், மளமளவென்று கேட்டு முடித்துவிடும். ஆனால் வந்த பதில் சரியா என்று யார் சொல்வது? 'இந்த இடத்தில் இல்லை என்றுதான் வரவேண்டும்' என்று ஒரு மனிதர், அதுவும் நோயாளியின் சங்கடம் தெரிந்த மனிதர், முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி வைத்திருக்க வேண்டும். பதினாறாயிரத்துக்கும் அப்படி எழுத எந்த ஆஸ்பத்திரியிலும் ஆள் இல்லை. ஆகவே எதை முதலில் சோதிப்பது என்ற கேள்வி வந்தே தீரும்.

இதற்கு விடை தேட அமெரிக்கா போகவேண்டாம். டேனரிக்குள் போய்ப் பாருங்கள். குரோமில் பதனிட்ட தோல் நன்றாகப் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் இருந்தால் சரி. எல்லாத் தோலையும் வெட்டிப் பார்த்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அனுபவசாலி ஒரே டிரம்மிலிருந்து பத்துத் துண்டு எடுக்கமாட்டார். டிரம்முக்கு ஒன்று எடுப்பார். அதிலும் தடிமனான இடத்தில் எடுப்பார், ரசாயனம் உள்ளே போகக் கஷ்டப்படுகிற இடம் அதுதானே! ஏற்றுமதி சரக்கில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் பார்ப்பதும் இப்படித்தான். உடம்பில் படுகிற தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 2015 மே மாதத்திலிருந்து கண்டிப்பாக இருக்கின்றன. அந்தச் சோதனைக்கும் மாதிரியைத் தேர்ந்துதான் எடுக்கிறார்கள்.

சாஃப்ட்வேர் சோதனையிலும் ஆராய்ச்சியாளர்கள் இதே வழியைத்தான் சொல்கிறார்கள். ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத, வித்தியாசமான கேள்விகளை முதலில் கேள். 'மகப்பேறு டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா', 'எலும்பு டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா' என்று அடுத்தடுத்துக் கேட்பது ஒரே டிரம்மில் கை விடுவது போல. அடுத்த கேள்வியை 'பில் போடுபவர் மனநலக் குறிப்பை பிரின்ட் எடுக்கலாமா' என்று கேட்டால், புதிதாக ஏதாவது தெரியவரும். அப்புறம், போன வாரம் எந்த விதியைத் தொட்டார்களோ அதைச் சுற்றியுள்ள கேள்விகள். பல விதிகள் மோதுகிற இடங்கள். இதெல்லாம் முன் வரிசை.

ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட ஒரு படி மேலே போய் நான் ஒன்றைச் சொல்வேன். 'கூடாது' என்று பதில் வரவேண்டிய கேள்விகளைத்தான் முதலில் கேட்கவேண்டும். காரணம் ரொம்ப சாதாரணம். டாக்டர் ரிப்போர்ட்டைத் திறக்கப் பார்த்துத் திறக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? போனை எடுத்துக் கத்துவார். பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்கள். பார்க்கக்கூடாத ஒருவருக்கு ரிப்போர்ட் திறந்தால்? அவர் கத்தமாட்டார். சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தப்பு ஐந்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். நடைமுறையிலோ, சாஃப்ட்வேரைக் கையளிக்கும்போது 'டாக்டருக்குத் திறக்குதா, நர்ஸுக்குத் திறக்குதா' என்று திறப்பதை மட்டுமே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் சுலபமான பழக்கம். பூட்டு வாங்கும்போது சாவி திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சாவிக்கும் திறக்கிறதா என்று பார்க்காமல் வருகிற கதைதான்.

வெளிநாட்டில் நடந்தது

போர்ச்சுகல் நாட்டில் பரெய்ரோ என்ற ஊர் ஆஸ்பத்திரி. 2018-ல் அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஏன் தெரியுமா? ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்கள் 296 பேர். கம்ப்யூட்டரில் 'டாக்டர்' என்ற உரிமையோடு இருந்த கணக்குகள் 985! வேலையை விட்டுப் போனவர்கள், தற்காலிகமாக வந்தவர்கள் என்று யாரையும் நீக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம். சம்பளப் பட்டியலையும் கம்ப்யூட்டர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நெதர்லாந்தில் ஹாகா ஆஸ்பத்திரிக்கு 2019-ல் 4,60,000 யூரோ அபராதம். டி.வி.யில் பிரபலமான ஒரு பெண் அங்கே அட்மிட் ஆனபோது, சிகிச்சையில் சம்பந்தமே இல்லாத ஊழியர்கள் டஜன் கணக்கில் அவர் ரெக்கார்டை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நடிகை ஃபாரா ஃபாசெட் செய்த காரியம். 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' டி.வி. தொடரில் நடித்தவர். புற்றுநோய்க்கு லாஸ் ஏஞ்சலீஸ் யு.சி.எல்.ஏ. மருத்துவ மையத்தில் சிகிச்சை பெற்றார். விஷயங்கள் பத்திரிகைக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2007-ல் நோய் திரும்பியது தெரிந்தபோது, வேண்டுமென்றே சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அப்படியும் சில நாட்களில் செய்தி வெளியே வந்துவிட்டது. அப்படியென்றால் கசிவு எங்கிருந்து? ஆஸ்பத்திரியில் நிர்வாகப் பிரிவு ஊழியர் ஒருவர்தான் ரெக்கார்டைத் திறந்து பார்த்து விற்றவர் என்று தெரிந்தது. பிரபலங்களின் ரெக்கார்டை ஊழியர்கள் எட்டிப் பார்த்த புகார்களுக்காக 2011-ல் அந்த மையம் 8,65,500 டாலர் கட்டியது. ஆஸ்பத்திரி செய்திருக்க வேண்டிய சோதனையை, சாகக் கிடந்த ஒரு நோயாளி செய்யவேண்டி வந்ததே என்பதுதான் வருத்தம். நம்மூர் ஷூ கம்பெனிப் பெண்ணால் இப்படியெல்லாம் செய்ய முடியுமா?

நம் நாட்டுக்கும் வருவோம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்களை வெளியாட்கள் முடக்கினார்களே, அது பூட்டை உடைத்த கதை, வேறு சமாச்சாரம். 2023 ஜூனில் நடந்ததுதான் இங்கே பொருந்தும். டெலிகிராமில் செல் நம்பரைக் கொடுத்தால் கோவிட் தடுப்பூசி போட்டவரின் விவரம் வருகிறது என்று பரபரப்பு. கோவின் தளத்தில் ஓட்டை என்பது ஆதாரமற்றது, பொதுமக்களுக்கான வழியில் ஓ.டி.பி. இல்லாமல் விவரம் எடுக்கவே முடியாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. ஆனால் அதே விளக்கத்தில், வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்த பின்வழி ஒன்றில் செல் நம்பரை மட்டும் வைத்தே விவரம் தரும் வசதி இருப்பதாகச் சொல்லப்படுகிறது, அதுவும் அனுமதித்த இடங்களிலிருந்து கேட்டால் மட்டுமே பதில் தரும் என்று ஒரு வரி இருந்தது. என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட பின்வாசலைத்தான் சோதனைப் பட்டியலில் முதல் வரியில் எழுதுவேன்.

சரி, எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டிவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. இது தோல் பூமி. கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி மயங்கி விழுகிறவர்களை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவருகிற ஊர்கள் இவை. 2015 ஜனவரி 31-ம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவு நீர்த் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டது மறக்கக்கூடிய விஷயமா? நினைவில்லாமல் வருகிறவருக்கு எந்த மருந்து ஒவ்வாது, சர்க்கரை உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று டியூட்டி டாக்டர் அந்த நிமிஷமே பார்க்கவேண்டும். 'உங்கள் நோயாளி இல்லை, அனுமதி இல்லை' என்று திரை சொன்னால் அது பாதுகாப்பா, கொலையா?

அதற்கும் வழி இருக்கிறது. தீ விபத்து மணியைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள் இல்லையா? அவசரம் என்றால் உடைக்கலாம், ஆனால் உடைத்தது எல்லாருக்கும் தெரியும். அதேபோல், டாக்டர் 'அவசரம்' என்று காரணம் எழுதிவிட்டுத் திறக்கலாம். யார், எப்போது, ஏன் திறந்தார் என்று பதிவாகும். மறுநாள் ஒருவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஆகவே 'கூடாது' கேள்விகளை முதலில் வை என்று நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உயிர் காக்கும் இந்த அவசர வழி திறக்கிறதா, திறந்தது பதிவாகிறதா என்ற சோதனையும் முதல் நாளிலேயே நடக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணி ஷிஃப்டிலும் நடக்கவேண்டும். பதிவு மட்டும் ஆகி, அதை யாரும் படிக்காவிட்டால் கண்ணாடி வைத்த பலன் இல்லை.

இவர்கள் சோதனை நல்ல சோதனைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு தந்திரம் உண்டு. வேண்டுமென்றே ஒரு விதியைக் கெடுத்து விடுவது. 'கூடாது' என்பதைக் 'கூடும்' என்று மாற்றிவிட்டு, சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது. நோயாளிகளின் தகவல் உள்ள நிஜ கம்ப்யூட்டரில் இல்லை, நகல் ஒன்றில். சோதனை அதைப் பிடித்துவிட்டால் பிழைத்தோம். பிடிக்கவில்லை என்றால் அத்தனை சோதனையும் கண் துடைப்பு! தரம் பார்க்கிற மேஜைக்கு வேண்டுமென்றே ஒரு கோணல் தையல் ஷூவை அனுப்பிப் பார்ப்பதுபோலத்தான்.

சட்டம் சும்மா இல்லை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான 2017-ம் வருஷச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி. விவரத்தை வைத்திருக்கும் எந்த நிறுவனமும், யார் அதைப் பார்க்கலாம் என்ற நடைமுறையும் பாதுகாப்பும் வைத்திருக்கவேண்டும் என்கிறது. எல்லாத் தனிநபர் தகவலுக்குமான சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. யார் தகவலைத் தொட்டார்கள் என்ற பதிவை ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கின்றன. ஆனால் நிறுவனங்களுக்கான முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் தூங்குவதற்காகக் கொடுத்தது அல்ல என்று ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை.

நீங்கள் என்ன செய்யலாம்? கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் என்று ரத்தம் எடுக்க வந்தால், ஊசி குத்துமுன் கேளுங்கள்: ''ரிப்போர்ட் யார் கைக்குப் போகும்? கம்பெனிக்கு 'தகுதி உண்டு, இல்லை' மட்டும் போகுமா, முழு ரிப்போர்ட்டும் போகுமா?'' இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்! கவரை ஒட்டி உங்கள் கையிலேயே தரச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடமும் உங்கள் ரெக்கார்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ரிப்போர்ட்டை போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கம் நமக்கு நிறைய. ''அண்ணா, கொஞ்சம் உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க'' என்று நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறோம். அந்த குரூப்பில் மச்சான்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிவிட்டு அனுப்புங்கள்.

சந்தேகம் வந்தால், எழுத்து மூலமாக ஆஸ்பத்திரி கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்: 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என் ரெக்கார்டை யார் யார் திறந்தார்கள்?' நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பதில் சொல்லத் தெரிந்த ஆஸ்பத்திரி என்றால் பட்டியல் வரும். ''அப்படியெல்லாம் பார்க்க முடியாதுங்க'' என்று பதில் வந்தால், அங்கே எத்தனை சோதனை நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.